மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர்

ரேடியோ பாடும் சலூனுக்குள் இன்றைக்கும் என்னால் உட்கார முடிவதில்லை. பாட்டு முடியட்டும் என்று வெளியே நிற்பேன். கொடைக்கானலில் டிவி கோபுரம் வந்த பிறகு அந்தத் தொல்லையும் குறைந்துவிட்டது. மகள் மதுரையில் வேலை பார்க்கிறாள். அவள் லீவுக்கு வரும்போது அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

வீட்டுக்கு டிரான்சிஸ்டர் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. மலை மறித்துக்கொள்வதால் திருச்சி ரேடியோகூட எங்களுக்குச் சரியாகக் கேட்காது. ஆனால் மூஞ்சிக்கல்லில் எங்கள் சந்து இருந்த சரிவு கிழக்கே பள்ளத்தாக்கைப் பார்த்துத் திறந்து கிடந்ததால் சிலோன் ரேடியோ மட்டும் அடுத்த வீட்டில் பாடுவது போல வரும். வரும், தேயும், மறுபடி வரும். அவள் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஜன்னல், அடுப்படி, வாசல் என்று வைத்துப் பார்ப்பாள். கடைசியில் அரிசி டின் மேல் வைத்தால்தான் இரைச்சல் இல்லை என்று கண்டுபிடித்தாள். அதன்பின் பல வருஷம் அரிசி எடுக்க வேண்டுமென்றால் பாட்டு முடியக் காத்திருக்க வேண்டும்.

நான் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். நாலரைக்கு வந்துவிடுவேன். டீ குடித்துக்கொண்டே நான், மனைவி, மகள் மூன்று பேரும் கேட்போம். பாட்டைவிட எங்களுக்குப் பிடித்தது, அந்தப் பாட்டைக் கேட்டுக் கார்டு போட்டவர்கள் என்று முன்னால் வாசிக்கும் பெயர்கள். கம்பத்திலிருந்து, தேவகோட்டையிலிருந்து, கோவில்பட்டியிலிருந்து என்று ஊர் ஊராகப் போகும். எப்போதாவது எங்கள் ஊர் வரும். அப்போது மகள் கையைத் தூக்கி எங்களைப் பேச விடாமல் செய்வாள். மறுநாள் கடைவீதியில் அந்த ஆளைப் பார்த்தால், "நேத்து ஒங்க பேரு வந்துச்சே" என்பேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெளிவார்.

அவள் பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் எனக்குள் ஒரு பயம் புகுந்தது. காரணம் என் வேலைதான். நோட்டுக்குள் கடிதம் இருந்தது, சைக்கிளில் வந்தவனோடு பேசினாள் என்று புகார் வந்தால், பெண்ணை வந்து அழைத்துக்கொண்டு போகும்படி பெற்றோருக்குப் போகும் கடிதத்தைத் தட்டச்சு செய்வது நான். மாற்றுச் சான்றிதழில் முத்திரை வைப்பதும் நான். விசாரணை என்று ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. ஊருக்குள் பெயர் அடிபட்டாலே போதும். அப்படிப் போன பெண்களில் ஒருத்திகூடத் திரும்பிப் படிக்க வந்ததில்லை. அவர்கள் பெயர்கள் எனக்கு ஞாபகம் இருந்தன. ரேடியோவில் மெதுவான டூயட் வந்தால் நான் எழுந்து சத்தத்தைக் குறைக்க ஆரம்பித்தேன். மகள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்தச் சனிக்கிழமை சலூனில் உட்கார்ந்திருந்தேன். இடது கன்னம் முடிந்து வலது கன்னத்தில் நுரை இருந்தது. பெஞ்சில் நாலைந்து பேர். கண்ணாடிக்கு மேலே ரேடியோ. அறிவிப்பாளர் ஏதோ அவசரத்தில் இருந்தார். கொடைக்கானல், மூஞ்சிக்கல் என்றார். எங்கள் சந்தில் குடியிருந்து வாடகைக் கார் ஓட்டும் இளைஞனின் பெயரைச் சொன்னார். அடுத்த மூச்சில் என் மகளின் பெயரைச் சொன்னார். பாட்டு ஆரம்பித்தது. ஆணும் பெண்ணும் பாடும் பாட்டு.

"ஏலே, நம்ம கார்க்காரன் பேருல்ல வந்துச்சு" என்றான் பெஞ்சில் ஒருவன்.

"கூட ஒரு புள்ள பேரும் வந்துச்சே. யாருடா அது?"

"சோடி போட்டுல்ல பாட்டுக் கேக்காக."

சிரித்தார்கள். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்த ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்தான். சிரிப்பு நின்றது. அது நின்ற விதம்தான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. கத்தியை எடுத்துவிட்டு சலூன்காரர் மெதுவாகச் சொன்னார்: "ஊருக்குள்ள அந்தப் பேருல எத்தனையோ புள்ளைக இருக்கு சார். உக்காருங்க."

துண்டால் நுரையைத் துடைத்துவிட்டு எழுந்தேன். அப்போதே என் வலது கை ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

வீட்டில் ரேடியோ அணைந்து கிடந்தது. மனைவி வாசலில் நின்றாள்.

"அவ எங்க?"

"நீங்க எங்க இருந்து கேட்டீங்க?"

"சலூன்ல."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அதத்தான் அவளும் கேட்டா. அப்பா எங்க போயிருக்காங்கன்னு. சவரம் பண்ணன்னு சொன்னேன். செருப்ப மாட்டிட்டு எறங்கிட்டா. ஸ்வெட்டர்கூட எடுக்கல."

"அந்தப் பயலோடவா?"

"என்ன பேசுறீங்க? அவன் காலைலயே சவாரி எடுத்துட்டுப் பெரும்பாறைக்குப் போயிட்டான். சந்துல எல்லாரும் சேந்து போட்ட கார்டுங்க அது. பதினோரு பேரு. ஸ்டாம்பு வாங்கித் தந்தவன் பேரு மேல. எழுதுனவ பேரு கீழ. அதானே வழக்கம். நடுவுல என் பேரும்தான் இருக்கு."

எனக்கு அது தெரியும். நேரம் போதாவிட்டால் மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர் வாசித்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். அதைப் பத்து வருஷமாகக் கேட்டவன் நான். அப்படி வாசித்தபோது நடுவில் விட்டுப்போனவர்களுக்காக வருத்தப்பட்டும் இருக்கிறேன். சலூன் நாற்காலியில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எதை நினைத்தார்களோ அதையே நானும் நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வத்தலக்குண்டு பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டரிடம், பாவாடை தாவணியில் ஒரு பிள்ளை ஏறினதா என்று கேட்டேன். "நம்ம பொண்ணுங்களா சார்? ஏறலயே" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏறுனா எறக்கி விட்டுறேன், போங்க" என்றார். நகரும் முன் பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். இல்லை.

வெளியே வந்தபோது பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியிருந்தது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இந்த ஊரில் பிள்ளை பெற்றவர்களுக்கு மஞ்சு என்றால் அடுத்த நினைப்பு பாறை விளிம்புதான். மிளகாய் பஜ்ஜி போடும் அம்மாள்தான், என் மகள் பாம்பார்புரம் பக்கம் வேகமாக நடந்து போனதைப் பார்த்ததாகச் சொன்னாள். அந்தப் பாதை வட்டக்கானலுக்குப் போகிறது. வட்டக்கானலுக்குக் கீழே, வேலி ஒன்றும் இல்லாமல், மலை முடிகிறது.

இரண்டு மைல் இருக்கும். பாதி ஓட்டம், பாதி நடை. ஓடையின் சத்தம் கேட்டது, ஓடை தெரியவில்லை. கூப்பிட்டிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. எதிரே விறகுக் கட்டோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் அந்தப் பெயர் விழக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டே ஓடினேன். ஒரு திருப்பத்தில் கல் உருண்டு கீழே விழுந்தது. எவ்வளவு நேரம் கேட்டும் அது அடியில் போய்ச் சேர்ந்த சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கூப்பிட்டேன்.

வட்டக்கானலில் எனக்குத் தெரிந்தது ஒரே வீடு. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த ஒரு பெண், முன்பு எங்கள் சந்தில் குடியிருந்தவள். தன் வீட்டில் ரேடியோ இல்லாததால் எங்கள் அரிசி டின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள். இப்போது அங்கே தங்கும் வெளிநாட்டுக்காரர்களின் துணி துவைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டினேன். அவள் வெளியே வந்து கதவைச் சாத்தி, அதன் முன் நின்றுகொண்டாள்.

"உள்ள இருக்காளா?"

"இருக்கு. தேத்தண்ணி குடிக்குது."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். "கதவத் தெறங்க."

"மொகத்தப் பாத்தீங்களா? பாதிதான் செரச்சிருக்கு. இப்பிடி வந்து நின்னா எந்தப் புள்ள சார் வெளிய வரும்?" அவள் சிரிக்கவில்லை. "சந்த விட்டு வந்தாலும் அந்தக் கார்டுல என் பேரும் கெடக்கு. ஆறாவதோ ஏழாவதோ. என்னையும் அடிப்பீங்களா?"

"நான் அவள அடிச்சதே இல்ல."

"அது எனக்குத் தெரியும். இன்னிக்கு அடிக்க மாட்டேன்னு சொல்லுங்க. அது கேக்குற மாதிரி சொல்லுங்க. தொறக்குறேன்."

மூன்று வார்த்தை. இன்னிக்கு அடிக்க மாட்டேன். பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கதவுக்குப் பின்னால் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மகள் அங்கேதான் நிற்கிறாள், கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த நொடியிலேயே, அவ்வளவு தூரம் ஓடி வந்த பயம் எல்லாம் மறுபடி என் வலது கைக்குள் இறங்கியிருந்தது. அடிக்க மாட்டேன் என்பது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவசரப்படுத்தவில்லை.

"அடிக்கத்தான் கெளம்பி வந்தேன்" என்றேன் கடைசியில். "வர்ற வழியில பயந்துட்டேன்."

"அது சரி. இப்ப?"

"அடிக்க மாட்டேன்மா." இதைக் கதவைப் பார்த்துச் சொன்னேன். மகள் பேரையும் சேர்த்துச் சொன்னேன், அந்த இரண்டு பேர் நிற்கும்போதே.

கதவு திறந்தது. அந்தப் பெண்ணின் பெரிய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு என் மகள் நின்றாள். அவள் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல. கைகளை.

திரும்பும்போது மஞ்சு கொஞ்சம் விலகியிருந்தது. பாதை ஒடுங்கும் இடத்தில், அவள் என் கண்முன் இருக்கட்டும் என்று, "முன்னால போம்மா" என்றேன்.

"வேண்டாம்ப்பா. நீங்க போங்க."

நான் முன்னால் போனேன். பின்னால் செருப்புச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன். சந்தேகம் வந்து நான் நின்றால் அவளும் நின்றாள். ஐந்தடி தூரத்தில், நான் நடக்கும்வரை. அப்படியே கடைவீதியையும் தாண்டினோம். வீடு வரும்வரை அந்த ஐந்தடி குறையவில்லை.