கேட்க வாய் வராதவள்

என் மனைவி மௌனிகாவுக்கு, பிறருக்குக் கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்க வாய் வராது. பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாளக்கா தைப்பொங்கல் நோம்பிக்கு வாங்கிப்போன சோறாக்கும் எங்கள் பெரிய குண்டா ஆடி பிறந்தும் வந்தபாடில்லை. "போய்க் கேளு புள்ள" என்றால், "அடுப்புல ஏத்தியிருப்பாங்களோ என்னமோ, உடுங்க" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மாடியறையில் உட்கார்ந்து பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு டிரைவர் மென்பொருள் எழுதுகிறாள். செல்போனுக்குள் கைரேகை போன்ற ரகசியங்களைக் காப்பது ஃபர்ம்வேர். மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கெர்னல் அதனோடு பேச, தன் மெமரியில் ஒரு துண்டை அதற்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் இவள் பொறுப்பு. ஆள் பிடித்தார்கள் பார்!

செல்போனுக்குப் பதிலாக அவள் மேசையில் வைத்துச் சோதித்த சர்க்யூட் போர்டு அவ்வப்போது அப்படியே நின்றுபோனது. ஃபர்ம்வேர் சில சமயம், 'இன்னும் முடியவில்லை' என்று துண்டைத் தர மறுக்கிறது. அதைப் பொருட்படுத்தாமல் கெர்னல் அதே துண்டை வேறு வேலைக்குத் தூக்கிக் கொடுத்தால் எல்லாம் நின்றுவிடுகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பெங்களூருக்கே வந்துவிட வேண்டும் என்று அவளுடைய மலையாளி மேலாளர் ஜிபி சொல்லிவிட்டார். எனக்கோ இங்கே தென்னந்தோப்பு. கல்யாணமாகி வருடம்கூடத் திரும்பவில்லை. சற்றுக் காத்திருந்து துண்டை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகும் என்று ஜிபியே குறுக்குவழியும் காட்டினார். இவள் கேட்டால்தானே!

"தர மாட்டேன்னா அந்தத் துண்ட யாருக்கும் குடுக்காம ஒதுக்கி வெச்சரோணுங்க. கொஞ்சம் மெமரி போனாப் போகுது."

"அதுக்குப் பாதிய மாத்தி எழுதோணும்ங்கற. வெள்ளிக்கெழமைக்குள்ள முடியுமா?"

"அவங்க அடுப்புல கொதிக்கற குண்டாவத் தூக்கியாந்து நம்ம அரிசியப் போட முடியுங்களா?"

"அப்ப குண்டாவ உட்டாப்பல என்னையும் உட்டுப்போட்டுப் போ!" என்று கத்திவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமைதான் முடித்தாள். போர்டு அதன்பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. ஜிபிக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் சொன்ன தேதி தப்பியது தப்பியதுதான், கிளம்பி வா என்று ஸ்பீக்கர் போனில் சொன்னார். மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது மௌனிகா மலையாளத்தில் தெளிவாகச் சொன்னாள்: "இங்கிருந்தேதான் வேலை செய்வேன். என் வீட்டுக்காரர் இங்கே இருக்கிறார். அனுமதி கொடுங்கள்." ஜிபி ஏதோ சொல்ல, மறுபடியும் கேட்டாள். விடாமல் கேட்டாள். கடைசியில் அவர் சரி என்றார்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"உனக்குக் கேக்கறதுக்கு வாய் வராதே புள்ள," என்றேன்.

"குண்டாவக் கேக்கறதுக்குத்தானுங்க கூச்சம்," என்றாள். "நீங்க என்ன குண்டாவா?"