ஈயக் குண்டுக்குத் தங்கத் தராசு

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய அடகுக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நாளை ஒரகடத்தில் ஏர் ரைபிள் போட்டி. ஒரே எடையுள்ள ஈயக் குண்டுகளாகப் பொறுக்கி வைத்துக்கொண்டால்தான் குறி சிதறாது என்பது என் நம்பிக்கை. அதற்கென்று கொண்டுவந்த என் சின்னத் தராசு வழியிலேயே கெட்டுப்போய்விட்டது.

கடைக்காரர் தங்கம் நிறுக்கும் தராசில் என் குண்டுகளை ஒவ்வொன்றாக வைக்கிறார். வெளியே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் எண் துள்ளுகிறது.

"லாரி போவட்டும் சார். அப்பதான் கரீட்டா காட்டும்" என்று காத்திருந்து மறுபடி வைக்கிறார்.

செயினை அடகு வைக்க வந்த பெண், கம்பெனிச் சீருடையில் நின்றபடி இதையெல்லாம் பார்க்கிறாள்.

"இன்னாண்ணா, ஈயத்துக்கு லாரி போறவரைக்கும் வெயிட் பண்றீங்க. என் செயினை மட்டும் ஒரே தபா வெச்சி எடுத்துட்டீங்களே?"

அவர் சிரித்து மழுப்பப் பார்க்கிறார். அவள் விடுவதாக இல்லை. செயின் மறுபடி தராசில் ஏறுகிறது. சாலை ஓயும்வரை மூன்று பேரும் காத்திருக்கிறோம். முதலில் காட்டியதைவிட எடை கூடியிருக்கிறது.

அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். கடைக்காரரும் என்னைப் பார்க்கிறார், சிரிக்காமல். மீதிக் குண்டுகளை டப்பாவோடு என் பக்கம் தள்ளுகிறார்.

"தராசு ரிப்பேர் சார். நீங்க வேற கடை பாத்துக்கோங்க."