பொதுச்சுவரில் ஒரு கொடித்தட்டி

கிழக்கேகோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். தெரு முழுக்க அப்படித்தான். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அவ்வளவு ஒட்டி வாழ்ந்தும் ஒன்றுமே தெரியாமல் இருந்தோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

அப்போது நான் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. மேலதிகாரி வீட்டு நவராத்திரிக் கொலுவுக்குப் போன என் மனைவி, அங்கே ஹாலுக்குள்ளேயே கொடி வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆளுயர மரச்சட்டம், அதில் குறுக்கும் நெடுக்குமாக வரிச்சு என்கிற மெல்லிய மரக்குச்சிகள், அதைப் பற்றிக்கொண்டு மஞ்சள் வரியோடிய இலைகள். தோட்டக்காரரைக் கேட்டு ஒரு துண்டும் ஒடித்துக்கொண்டு வந்திருந்தாள். அதன் பெயர் எங்கள் இருவருக்கும் தெரியாது. தொட்டியில் வைத்தாள். அடுத்த மழைக்குள் அது கூடத்துத் தரையில் தவழ ஆரம்பித்துவிட்டது.

"கால் வைக்க இடமில்லே. ஒரு தட்டி கட்டிக் குடுங்கோளேன்," என்றாள்.

சாலைக் கடைத்தெருவில் கமுகு வரிச்சும் மெல்லிய கயிறும் வாங்கிவந்தேன். கயிற்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டினால் காயும்போது தானே இறுகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் உட்கார்ந்து, வரிச்சும் வரிச்சும் சந்திக்கிற இடமெல்லாம் முடிச்சுப் போட்டேன். விரல் தோல் உரிந்தது. ஆனால் நிறுத்திப் பார்த்தபோது தட்டி முன்பக்கம் சாய்ந்தது. சுவரில் இரும்புக் கொக்கி அடித்து அதில் மாட்டினால்தான் நிற்கும்.

சாயங்காலக் காப்பிக்குப் பிறகு, பொதுச்சுவரில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். அந்த இடத்தில் ஒரு காலத்தில் விளக்குமாடம் இருந்து பின்னால் அடைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. உளி சட்டென்று உள்ளே போயிற்று. ஒரு கல் பெயர்ந்து அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது.

யார் தலையிலாவது பட்டிருக்குமோ என்று பதறி, குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முகம் என்னைப் பார்த்தது.

ஆண் முகம். புருவம் இல்லை. காதுமடல்கள் தடித்துத் தொங்கின. கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் அந்தக் கன்னம் மெழுகு மாதிரி பளபளத்தது. என் கையிலிருந்து சுத்தியல் நழுவியது.

"இரைச்சல் போடாதீங்கோ," என்றது அந்த முகம், ரொம்பச் சாதாரணமாக. "அம்மா கோவிலுக்குப் போயிருக்கா. நீங்க பக்கத்தாத்து ஸார்தானே? குரல் தெரியும்."

அடுத்த வீட்டில் விதவையான ஒரு மாமியும் அவருடைய மகளும் மட்டும்தான் இருந்தார்கள். மகன் ஒருவன் உண்டு. ரங்கூனில் நல்ல உத்தியோகம் என்று தெருவுக்கே தெரியும். கோகுலாஷ்டமிக்குச் சீடை உருட்டினால், ரங்கூனுக்குப் பார்சல் கட்டியதுபோக மிச்சம் என்று எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும்.

"நீங்க... ரங்கூன்லேருந்து எப்போ..." என்று ஏதோ உளறினேன்.

"போனாத்தானே வர்றதுக்கு?"

பின்னால் என் மனைவி வந்து நின்றிருந்தாள். அவளும் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் பின்னுக்கு நகர்ந்து தூணைப் பிடித்துக்கொண்டாள்.  நான் கிணற்றடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். குஷ்டம் என்கிற அந்தப் பெருவியாதி பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிய காலம் அது.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாமி வந்தார். கூடத்தில் உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்று என் மனைவியிடம் பேசினார்.

"பாத்துட்டேளாமே."

"பாத்தோம், மாமி."

"பொண்ணுக்கு நாகர்கோவில்ல சம்பந்தம் பேசி முடிஞ்சிருக்காக்கும். இது தெரிஞ்சா அவ கழுத்திலே தாலி ஏறாது. அது வரைக்கும் வாயைத் திறக்கப்படாது, கேட்டேளா?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ரங்கூன், ரங்கூன்னு சொல்லிச் சொல்லி, சில நாள் எனக்கே அங்கே ஒரு பிள்ளை இருக்கான்னு தோணும். அவன் வேற, உள்ளே கெடக்கறவன் வேற," என்றார்.

அழவில்லை. அதுதான் எங்களை உலுக்கியது. யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று என் மனைவி வாக்குக் கொடுத்தாள்.

கொக்கியை வேறிடத்தில் அடித்துத் தட்டியை நிறுத்தினேன். அது ஓட்டையை மறைத்தது. கொடி ஏற ஆரம்பித்தது. ஒருநாள் நான் தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஸார், ஒரு இலை இங்கே எட்டிப் பாக்கறது. வெட்டிடாதீங்கோ."

நான் வெட்டவில்லை. ஆனால் அவருக்குப் பதில் சொல்லத் தைரியம் வர எனக்கு ரொம்ப நாளாயிற்று. என் மனைவி என்னைவிட முந்திக்கொண்டாள். தட்டிக்கு முன்னால் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே தெருச் சமாச்சாரமெல்லாம் அவரிடம் சொல்லுவாள். அவர் சிரிப்பது கேட்கும்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அண்ணாவுக்கு ரங்கூனில் லீவு கிடைக்கவில்லை என்று பந்தலில் மாமி எல்லோரிடமும் சொன்னார். உள்ளே அடைபட்டிருந்தவர் காதில் நாதஸ்வரம் விழுந்திருக்கும்.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார். பண்டிகைக்கு மறுநாள் காலையில், தட்டிக்குப் பின்னாலிருந்து பழக்கமில்லாத ஒரு குரல் கேட்டது. என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

"நீங்கதான் அண்ணாவா? நமஸ்காரம்," என்றது அந்தக் குரல். மாப்பிள்ளைதான்.

அடுத்து மாமியின் குரல். "யாருடீ சொன்னது? யாரு?"

"நான்தான்மா," என்றாள் மகள். "கல்யாணமான அன்னிக்கே சொல்லிட்டேன். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்கோன்னு கேட்டேன்."

எதுவோ தரையில் விழுந்த சத்தம். மாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அத்தனை வருஷம் எந்தப் பெண்ணுக்காக மகனைப் பூட்டிவைத்தாரோ அந்தப் பெண், அம்மாவுக்குத் தெரியாமல் முதல் நாளே வாயைத் திறந்திருக்கிறாள். நான் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நம்ப முடியவில்லை.

"இதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, மாமி," என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். "ஊசி போடறா. இருட்டிலே வச்சிருந்தா என்னாகும்? நான் வண்டி சொல்லியாச்சு."

பட்டப்பகலில், ஆண்கள் ஆபீஸுக்குக் கிளம்புகிற வேளையில், வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியின் மகன் வீட்டுப் படியிறங்கி வந்தார். வெயில் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்திருந்தார். வெறும் கையால். நான் வாசற்படியில் செருப்பில் ஒரு கால் நுழைத்தபடி நின்றுவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரர், "யாராக்கும் அது?" என்று கேட்டார்.

"என் பிள்ளை," என்றார் மாமி.

"ரங்கூன்லேருந்து எப்போ வந்தான்?"

"எங்கேயும் போகலே. இங்கேதான் இருந்தான்."

எதிர்வீட்டுக்காரர் உள்ளே போனார். ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு இன்னொன்று. என் மனைவி என்னைத் தாண்டி இறங்கிப்போய், வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தூக்குப் பாத்திரத்தில் மோர்சாதத்தை மாமியிடம் நீட்டினாள். வண்டி பழவங்காடிப் பக்கம் திரும்பும் வரை நடுத்தெருவில் நின்றாள். நான் அசையவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எங்களைத் தவிர மாமிக்கு யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரத்துப்போக்குக் குறைந்தது. மாமி வீட்டைக் காலி செய்து மகளோடு போய்ச் சேர்ந்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் கடைசிவரை மகன் வீட்டில் கை நனைக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். மாமியின் மகனுக்கு ஆஸ்பத்திரியில் நோய் அதற்கு மேல் ஏறவில்லையாம். அவர் அங்கேயே தங்கி, மற்றவர்களுக்குக் கணக்கும் மலையாளமும் சொல்லிக்கொடுத்து வெகுகாலம் இருந்தார்.