வெங்கடலட்சுமி டைப் அடிக்க மறுத்த விடை

திருப்பதியில் ஒரு கோச்சிங் சென்டரில் கணக்கு வினாத்தாளும் விடைகளும் டைப் அடிப்பது வெங்கடலட்சுமியின் வேலையாக இருந்தது. பதினோரு வருடம் அடித்தாள். அடிக்கும்போதே ஒவ்வொரு கணக்கையும் மனசுக்குள் போட்டுப் பார்த்துவிடுவாள். அது யாருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குடிபாலாக்காரி. நைனா என்று அவள் கூப்பிடும் அப்பா வீராசாமி பிறர் தோட்டத்தில் கூலிக்குக் கரும்பு வெட்டியவர். பத்தாவது வரை தமிழில் படித்தவளுக்குச் சித்தூரில் இன்டர், அதாவது பதினொன்றாம் வகுப்பு, சேர்ந்ததும் எல்லாம் தெலுங்கு. வட்டத் தேற்றங்கள் வாயில் நுழையவில்லை. எக்ஸும் ஒய்யும் மட்டும் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். எந்தப் படத்தைப் பார்த்தாலும் இரண்டு அச்சு வரைந்து, புள்ளிகளுக்கு எண் கொடுத்து, சமன்பாடு ஆக்கிவிடுவாள். இன்டர் முடிந்து, கல்யாணத்தோடு படிப்பு நின்றது. இந்தப் பழக்கம் நிற்கவில்லை.

போன ஆகஸ்டில் அந்தக் கணக்கு வந்தது. பக்கம் எட்டு உள்ள சதுரம். ஒரு வட்டம் அதன் அடிப்பக்கத்தைத் தொட்டு, மேல் மூலைகள் இரண்டின் வழியாகவும் போகிறது. ஆரம் என்ன? கணக்குத் துறைத் தலைவர் நாகபூஷணம் எழுதியிருந்த விடை, நான்கு.

அவர் அறைக்கே போனாள். "சார், இது அஞ்சு வருது."

"லெக்கலு நீகெந்துகம்மா?" என்றார் தெலுங்கில். கணக்கெல்லாம் உனக்கு எதற்கு என்று. பிறகு தமிழுக்கு வந்தார். "மையம் சதுரத்துக்கு நடுவுலதான் இருக்கும். நாலுன்னு அடி."

"அடிக்கிறதுதான் சார் என் வேலை. தப்புன்னு தெரிஞ்சிக்கினு அடிக்க மாட்டேன்."

வேறொருவர் நான்கு என்று அடித்தார். தேர்வும் முடிந்தது. மறுநாள் காலை, அறிவிப்புப் பலகையில் இருந்த விடைப்பட்டியலுக்குப் பக்கத்தில், ஐந்து என்று வழியோடு எழுதிய தன் தாளை வெங்கடலட்சுமி ஒட்டினாள். கீழே முழுப் பெயர், அதன் கீழே டைப்பிஸ்ட். பத்து மணிக்குள் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள்.

பிரின்சிபால் மனோரமா இருவரையும் அழைத்தார். "எப்படி அஞ்சு? போடுங்க பார்க்கலாம்."

வெங்கடலட்சுமி பலகையில் சதுரம் வரைந்தாள். "கீழ் மூலை சைபர், சைபர். வட்டம் அடியைத் தொடுது, அதனால மையம் நாலு, ஆர். மேல் மூலை சைபர், எட்டு. ரெண்டுக்கும் உள்ள தூரமும் ஆர்தான். நாலோட வர்க்கம், எட்டுல ஆர் போக மீதியோட வர்க்கம், ரெண்டும் சேர்ந்தா ஆர் வர்க்கம். பிரிச்சா ஆர் வர்க்கம் அடிபட்டுப் போவுது. பதினாறு ஆர் சமம் எண்பது. ஆர் அஞ்சு." சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "சார் சொல்ற மாதிரி மையம் நாலு, நாலுன்னா மூலைக்குத் தூரம் முப்பத்திரண்டோட வர்க்கமூலம். அது நாலு ஆவாது."

"தேற்றம் தெரியாதவங்க வழி இது. இதுல அழகே இல்லை" என்றார் நாகபூஷணம்.

"அழகு இல்லாங்காட்டி போவட்டும் சார். சரியா இருக்குதா, இல்லையா?"

அன்றே விடை திருத்தப்பட்டது. ஆனால் அனுமதி இல்லாமல் ஒட்டியதற்கு மன்னிப்புக் கடிதம் கேட்டார் மனோரமா.

"தப்பா போட்டவரு எழுதினாரா மேடம்?"

"அவர் விஷயம் வேற."

"அப்ப நான் எழுத மாட்டேன்." சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"ஏம்மே, ஒரு லைன் எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கலாமே?" என்றார் கணவர் சந்திரசேகர்.

"என் கை வராதுய்யா."

இப்போது அலிபிரி போகும் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மூன்று சென்டர்களுக்கு வினாத்தாள் அடிக்கிறாள். தப்பு என்று பட்டால் திருத்திவிட்டுத்தான் அடிப்பேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஒத்துக்கொள்ளாத நான்காவது சென்டரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஜூனில், நாற்பத்தொன்றாம் வயதில், தபால் வழி பி.எஸ்சி. கணிதத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறாள்.