விடுதிக்குக் கட்டிக் கொடுத்த பிள்ளை

1968 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது; இரண்டு அண்டாவையும் நிரப்பினேன். சவரம், குளியல், இரண்டு இட்லி, சைக்கிளுக்குக் காற்று. பத்து மணிக்கு ஆபீஸ். மாலையில் திரும்பும் வழியில் கத்தரிக்காய். விலை கூடுதல்தான், ஆனால் பிஞ்சு. நாட்குறிப்பின் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் பாப்பா ஒரு விடுதி விண்ணப்பத்தைக் கொண்டுவந்து வைத்ததால் பக்கம் நீண்டுவிட்டது.

பாப்பாவுக்கு வயது பதினாறு. திருச்சியில் பி.யூ.சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. என் தாயாரின் பெயரைத்தான் அவளுக்கு வைத்தோம். மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று குழந்தை தொட்டிலில் கிடந்தபோதே என் மனைவி அவளைப் பாப்பா என்று கூப்பிடத் தொடங்கி, இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. பள்ளியில் மட்டும் முழுப் பெயர். அது ரொம்பப் பழைய பெயர் என்று அவளுக்கு ஒரு குறை உண்டு.

"அப்பா, ரெண்டு பேர் ரூமா, நாலு பேர் ரூமான்னு கேட்டிருக்காங்க. நான் நாலு பேர்னு போட்டுட்டேன்."

"ஏன், ரெண்டு பேர்னா அமைதியாப் படிக்கலாம்ல?"

"ரெண்டு பேர்ல மத்தவ சரியில்லைன்னா நான் எங்கிட்டுப் போறது? நாலு பேர்னா ஒருத்தியாவது தேறுவா."

எனக்கு இந்த யோசனை வந்திருக்காது. விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். சைவமா அசைவமா, அம்மை குத்தியிருக்கிறதா, பார்க்க வரக்கூடிய உறவினர் யார் யார், எல்லாம் கேட்டிருந்தார்கள். நான் தேடிய ஒரு வரி மட்டும் அதில் இல்லை. கையெழுத்துப் போட அவள் கொடுத்த பேனா கசிந்து விரலெல்லாம் மை. கழுவியும் வாசனை போகவில்லை. மை வாசனை என்றால் மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடம் நினைவு வருமாம். எனக்கு ரேஷன் ஆபீஸ்.

நான் இண்டர்மீடியட் சேர்ந்தது யுத்த காலத்தில். வீடு அன்னவாசலில், அப்பாவுக்கு அங்கே வெற்றிலைக் கடை. கல்லூரி புதுக்கோட்டையில். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு தினமும் போய்வந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பஸ்ஸின் பின்னால் ஆளுயரத்துக்கு ஓர் உருளை அடுப்பு. கிளீனர் அதில் கரியைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றுவான். புகை வரும், பஸ் வராது. மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். தங்கிப் படிப்பதுதான் வழி என்று ஆயிற்று.

தங்க இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, அப்பாவுக்குப் பழக்கமான வெற்றிலை வியாபாரியின் மாடி அறை. வீட்டிலிருந்து அரிசி கொண்டுபோய் நாமே பொங்கிக்கொள்ள வேண்டும். விளக்கு அரிக்கேன்தான், அதற்கும் மண்ணெண்ணெய் கிடைத்தால். மற்றது கல்லூரி விடுதி. அங்கே மின்சார விளக்கு. எனக்கு விடுதிதான் வேண்டியிருந்தது. படிப்பதற்காக என்று சொன்னேன். ஒரு சுவிட்சைத் தட்டிப் பார்க்கும் ஆசையும் அதில் பாதி இருந்தது.

விடுதிக்கு ஒரு நிபந்தனை; பாப்பாவின் விண்ணப்பத்தில் நான் தேடிய வரி அதுதான். வீட்டு ரேஷன் கார்டிலிருந்து பையனின் பெயரை நீக்கியாயிற்று என்று ரேஷன் ஆபீஸ் சீட்டு வேண்டும். சீட்டைக் கொடுத்தால் விடுதிக் கார்டில் பெயரை ஏற்றிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவனுக்கு.

அப்பா, "எனக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். கார்டு ஒங்க ஆத்தா பெட்டியில இருக்கு, அங்கிட்டுக் கேளு" என்று சொல்லிவிட்டார்.

ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கார்டை அவளுக்குத் தெரியும். கடைசியாக இருந்தது என் தம்பி நடராசன் பெயர். முந்தின தை மாதம் காய்ச்சலில் போய்விட்டான். அப்பா கார்டைக் கொண்டுபோய்க் கொடுக்க, ஆபீஸில் ஸ்கேலை வைத்து அவன் பெயரின் குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுத்து அனுப்பினார்கள்.

"இருக்கிற புள்ள மேல கோடு போடச் சொல்றியா? போடா அங்கிட்டு."

"அங்க விடுதிக் கார்டுல எழுதிக்குவாங்க ஆத்தா."

"எப்ப எழுதுவாங்க?"

"இங்க அடிச்ச சீட்டைக் கொண்டுபோய்க் குடுத்ததும்."

"இங்க அடிச்சதுக்கும் அங்க எழுதுறதுக்கும் நடுவுல நீ எங்கடா இருப்ப?"

வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த அப்பா, "பஸ்ஸத் தள்ளிக்கிட்டு இருப்பான்" என்றார். ஆத்தா சிரிக்கவில்லை. மாடி அறைக்கே போ, அரிசியை நான் சுமந்துவந்து போடுகிறேன் என்று முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் என்ன நினைத்தாளோ, கார்டை மடியில் செருகிக்கொண்டு, "நானும் வாரேன், வா" என்றாள். பஸ்ஸை அவளும் ஓரிடத்தில் தள்ளினாள்.

ரேஷன் ஆபீஸில் சாக்கு வாசனையும் மை வாசனையும். குமாஸ்தா கார்டை வாங்கி ஸ்கேலை வைத்தார். ஆத்தா கார்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வேற மையில போடுங்க."

"வேற மை கெடையாதும்மா. கைய எடுங்க, பின்னால கூட்டம் நிக்கிது."

"செவப்பு ஆகாதுங்க. அது செத்த புள்ளைக்குப் போட்டது."

"யாரு சொன்னா? செத்தாலும் செவப்புதான், பொழைக்கப் போனாலும் செவப்புதான். பொண்ணக் கட்டிக்குடுத்தாலும் இதே செவப்புதான்."

ஆத்தா கையை எடுக்கவில்லை. "கட்டிக்குடுத்த பொண்ணுக்குமா?"

"அதுதாம்மா ரொம்ப. ஆவணி பொறந்துட்டா எனக்கு மை பத்தாது."

வரிசையில் எங்களுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, "அப்பறமென்னத்தா, மகனக் கட்டிக்குடுத்ததா நெனச்சுக்கிட்டு வழிய விடு. வெயிலு ஏறுது" என்றாள். கூட்டம் சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. ஆத்தா திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையை எடுத்தாள்.

"சரி. கட்டிக்குடுத்தாச்சு. போடுங்க."

சீட்டை அன்றே விடுதியில் சேர்த்துவிட்டேன். வேடிக்கையாக வந்த பேச்சை ஆத்தா அப்படியே பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் நான் புறப்பட்டபோது டிரங்குப் பெட்டியோடு புதுப் பாய், தலையணை, ஊறுகாய் ஜாடி, முறுக்கு என்று சீர் வரிசையே கிளம்பியது. கடைசியாக, தன் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த பித்தளைச் செம்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக அவள் பெயர்: அரியநாச்சி.

விடுதியில் காலியாக இருந்த அறைகளில் எது வேண்டும் என்று கேட்டார்கள். பல்பு எந்த அறையில் நடுவில் தொங்குகிறதோ அது என்றேன். அதுவும் நாலு பேர் அறைதான். முதல் நாளே ஒருவன் செம்பைத் திருப்பிப் படித்துவிட்டு, "யாருடா இது அரியநாச்சி? ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றான்.

"ஆயிருச்சு" என்றேன். வேறென்ன சொல்வது?

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு மெஸ்ஸில் அவரவர் பங்குச் சீனியைப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். கொண்டுபோய் ஆத்தாவிடம் நீட்டினேன். "கட்டிக்குடுத்த எடத்துச் சீனியில நான் காப்பி குடிக்கலாமா? ஊரு என்ன பேசும்?" என்றாள். ஆனால் இரண்டு தரம் போட்டுக் குடித்தாள். எல்லோரும் சிரித்தோம். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். அப்பாவுக்கு வழக்கமான தட்டு. எனக்கு வாழை இலை.

"எப்பப்பா கெளம்பணும்?" என்று கேட்டுக்கொண்டே பரிமாறினாள்.

படிப்புக்குப் பிறகு வேலை, மாற்றல், கல்யாணம் என்று நான் அந்தக் கார்டுக்குத் திரும்பவே இல்லை. பிறகு எப்போது போனாலும் அந்த வீட்டில் எனக்கு இலைதான். பழைய தட்டில் போடச் சொல்லி ஒருமுறை கேட்டேன். எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்றாள்.

கரி பஸ்கள் போய்விட்டன. விடுதிக் கட்டடத்தில் இப்போது சிமெண்டு மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். செம்பு இரண்டாம் வருஷமே விடுதிக் கிணற்றில் விழுந்தது. கோடையில் தூர் வாரியும் அகப்படவில்லை. ஆத்தா போய்ப் பத்து வருஷமாகிறது. அவள் போனபோது ரேஷனை எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் பெயரின் குறுக்கே கோடு போட எங்கள் வீட்டில் கார்டு எதுவும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் முதல் வேலையாகப் பாத்திரக் கடைக்குப் போய் எவர்சில்வர் செம்பு ஒன்று எடுத்தேன். பெயர் போடுகிறவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"யாரு பேருங்க?"

"பொண்ணு பேரு. விடுதிக்குப் போறா. அரியநாச்சி."

"பழைய பேரால்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே செம்பை மடியில் சாய்த்து, உளியை வைத்து, முதல் புள்ளியைத் தட்டினார்.