கிணறு வெட்டும் பக்கங்கள்

இன்று கம்பைநல்லூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அக்கா, காதில் இயர்போனோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடியோவில் நாவல் கேட்கிறாராம். நான் இரண்டு முறை படித்த நாவல்.

"என்ன இருந்தாலும் படிக்கிற மாதிரி வராதுங்க" என்றேன், கொஞ்சம் மிதப்பாக.

"இருக்கலாங்க. அந்தக் கெணறு வெட்டுற எடத்துல உங்களுக்கும் அழுகை வந்துச்சுங்களா?"

எந்தக் கிணறு?

"அது ரொம்ப நீளமா இருக்குன்னு தள்ளிட்டேங்க" என்று சமாளித்தேன்.

"எனக்குத் தள்ள முடியாதுங்க. பெரும்பாலும் வீட்டுல புளியில கொட்டை எடுக்கறப்பதான் கேப்பேன். கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும், போனைத் தொட முடியாது. ஓடுறதையெல்லாம் கேட்டுத்தான் ஆவணும்."

வீட்டுக்கு வந்ததும் நாவலை எடுத்துப் பார்த்தேன். கிணறு வெட்டும் பக்கங்கள் மட்டும் வாங்கிய நாள் போலவே மொடமொடப்பாக இருந்தன.

இதை இரண்டு முறை படித்ததாக உங்களில் யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்? கமெண்டில் கை தூக்குங்கள்.