ஆயிரம் குறைத்துச் சொன்ன வாடகை

அப்பா கத்தாரில் இருந்தபோது ஒரத்தநாட்டில் கீழும் மாடியுமாக இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டார். இரண்டுக்கும் சேர்த்து மாதம் ஐயாயிரம் வந்தது. அம்மா அப்பாவிடம் சொல்லிவந்தது நாலாயிரம். இதைக் கண்டுபிடித்த பெருமை ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னுடையது.

காலாண்டு லீவில் பீரோவைக் குடைந்தபோது அம்மா பெயரில் ஒரு தபால் ஆபீஸ் பாஸ்புக் கிடைத்தது. மாதம் தவறாமல் ஆயிரம், பதினான்கு மாதமாக. அன்று வெள்ளிக்கிழமை, அப்பா போன் செய்யும் நாள். அம்மா கொல்லையில் துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் சொல்ல என்னிடம் எப்போதும் புதிதாக எதுவும் இருக்காது. அன்று இருந்தது.

"அம்மா வாடகையிலேர்ந்து பதினாலாயிரம் சேத்து வச்சிருக்காங்கப்பா" என்றேன்.

அப்பா, "அம்மாகிட்ட குடு" என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். ஊர் வழக்குகளைத் தீர்த்துவைத்துப் பழகியவர். காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"கட்டடம்னா எதாவது போய்க்கிட்டேதான் இருக்கும். அதுக்குன்னு எடுத்து வைக்கிறேன்" என்றாள் அம்மா.

"கட்டி மூணு வருஷம்கூட ஆவல. புது வீட்டுல என்னம்மா போவும்? அப்புடியே வச்சாலும் தம்பிகிட்ட சொல்லிட்டு வைக்கலாமுல்ல?"

"சொன்னா இருக்காதுங்க. அவங்க உடனே ஒரு மனை பாத்துடுவாங்க."

பெரியப்பா சிரிக்கவில்லை. அம்மா உள்ளே போய்ச் சாவிக்கொத்தையும் வாடகை நோட்டையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். "வர்ற மாசத்துலேர்ந்து நீங்களே வாங்கி அனுப்பிடுங்க. ரிப்பேரு வந்தாலும் நீங்களே பாத்துக்குங்க."

யார் சொன்னது என்று அம்மா என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆறு மாதம் முழு ஐயாயிரமும் அப்பா கணக்குக்குப் போனது. அப்பா குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் பணத்தைக்கொண்டு தஞ்சாவூர் பைபாஸ் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸும் கொடுத்தார். பங்குனியில் வாடகை வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் காயில் எரிந்தது. அதே வாரம் செப்டிக் டேங்கும் நிரம்பியது. மாடியில் குடியிருந்தவர் எங்களிடம் வந்தார். "பெரியவங்கதான் இப்ப பாக்குறாங்க" என்று அம்மா பணிவாகச் சொல்லி, வழிகாட்ட என்னை அவருடன் அனுப்பினாள்.

"நாலு நாளா தெருக்குழாய்லேர்ந்து மாடிக்குத் தண்ணி தூக்குறோம். கைக்குழந்தை வேற இருக்கு. அட்வான்ஸைக் குடுத்துட்டீங்கன்னா வேற வீடு பாத்துக்குறோம்" என்றார் அவர் பெரியப்பாவிடம்.

பெரியப்பா என் கண்ணெதிரே அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. நல்ல விலை வரட்டும் என்று வைத்திருந்த நெல்லில் பன்னிரண்டு மூட்டையை அன்றைய விலைக்கே தள்ளிவிட்டு, பெரியப்பா மோட்டாரைச் சரிசெய்தார், டேங்கையும் காலி செய்தார். குடித்தனக்காரர் தங்கிவிட்டார்.

மறுவாரம் பெரியப்பாவின் கையோடு சாவிக்கொத்து எங்கள் வீட்டுக்குத் திரும்பியது.

"எவ்வளவு ஆச்சுங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? தம்பி வீடுதானே."

"அவங்க வீடுதான். மூட்டை உங்களோடதுல்ல?"

திங்கட்கிழமை தபால் ஆபீஸ் திறந்ததும் போய்ப் பணத்தை எடுத்து வந்து, பெரியப்பாவை வரவழைத்து, நெல்லின் விலை எவ்வளவோ அவ்வளவையும் எண்ணிக் கொடுத்தாள். மோட்டார் கடை பில்லை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதத்திலிருந்து அப்பா போனில், "நாலாயிரம் வந்துச்சா?" என்று தானாகவே கேட்கத் தொடங்கினார். இன்று தஞ்சாவூரில் எனக்கும் ஒரு வாடகை வீடு இருக்கிறது. அதன் வரும்படியை நானும் குறைத்துத்தான் சொல்கிறேன், என் கணவரிடமும்.

ஆனால் அம்மா பணத்தை எண்ணிக் கொடுத்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. சந்தேகப்பட்டு விசாரிக்க வந்தவருக்கு ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பவும் வேண்டுமா என்று நினைத்தேன். பணத்தை வாங்கிப் பையில் வைத்தபோது பெரியப்பா ஏன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.